வடிகட்டியின் மூலையில் ஒரு சில்லு

அப்பாவின் ஆக்சிஜன் இயந்திரம் காலையிலிருந்து மூன்றாவது முறையாக நின்றது. 'வடிகட்டியை மாற்றவும்' என்றது திரை. வடிகட்டியோ போன வாரம் கடையில் வாங்கியது, வெள்ளை வெளேரென்று இருந்தது. நேற்றுவரை இயந்திரம் ஓடியதே! மகளுக்குப் புரியவில்லை.

அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டர் ஒரு மணி நேரம்தான் தாங்கும். கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"நேத்து சாஃப்ட்வேர் மாத்திட்டோம் மேடம். இனிமே எங்க வடிகட்டிதான் ஓடும். அது வர நாலு நாள் ஆகும்."

"நாலு நாள் எங்கப்பா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருப்பாரா?"

எதையும் தூக்கிப் போடாத அம்மா, இயந்திரத்தோடு வந்த, கிழிந்துபோன பழைய வடிகட்டியைக் கழுவிக் காய வைத்திருந்தாள். மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பழையதன் மூலையில் அரிசி அளவு மின்னணுச் சில்லு ஒன்று ஒட்டியிருந்தது. புதியதில் இல்லை.

"வாட்ச் ரிப்பேர் பண்றவ, இதுல கைய வச்சுத் தொலைக்காதடி!" என்று அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"விடு. நின்னதை ஓட வைக்கிறதுதானே அவ பொழப்பு," என்றார் அப்பா முகமூடிக்குள்ளிருந்து.

சிலிண்டரின் முள் சிவப்பைத் தொட்டது. சில்லு உடைந்தால் வேறு இல்லை. கடிகார இடுக்கியால் அதை நெம்பி எடுத்து, புதிய வடிகட்டியின் அதே மூலையில் ஒட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

இயந்திரம் ஓடியது. அது வடிகட்டியின் அழுக்கைப் பார்க்கவில்லை, சில்லு இருக்கிறதா என்று மட்டுமே பார்த்தது. பழைய சில்லை ஒட்டினால் எந்த வடிகட்டியும் வேலை செய்யும்.