விமானத்துக்கு ஒரு மெயின் சுவிட்ச்

கார் அக்சசரி கடை வச்சிருக்கிறவனுக்குத் தங்கச்சியைக் கட்டிக் குடுத்தா என்ன ஆகும்னு யாராச்சும் அப்பவே எனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லலை. இப்ப நான் அனுபவிக்கிறேன்.

என் மாப்ளே விஜயனுக்குக் கிள்ளான்ல கடை. சீட் கவர், ஹாரன், ஸ்பீக்கர், ரிவர்ஸ் கேமரான்னு காருக்கு மாட்டுற சாமான் எல்லாம் விப்பான். என்னைவிட எட்டு வயசு சின்னவன். கடையோட நின்னிருக்கக் கூடாதா? செமினில ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து, பெட்டி பெட்டியா பாகங்களை வரவழைச்சு, நாலு வருசமா விமானம் கட்டிக்கிட்டு இருக்கான். ரெண்டு பேர் உட்கார்ற அலுமினிய விமானம். ஓட்டுறதுக்கு லைசென்ஸும் எடுத்துட்டான். றெக்கை, வால், இன்ஜின் எல்லாம் அவனே பூட்டினது. வயரிங் மட்டும் என் பொறுப்பு.

நான் சுகுமாறன். வீடு சாலாக் செலாத்தான்ல. முப்பத்தொரு வருசமா வீட்டு வயரிங் வேலை. பிரிக்பீல்ட்ஸ்ல எத்தனையோ மாடி வீட்டுக்கு நான்தான் வயர் இழுத்தேன், ஒருத்தருக்கும் ஷாக் அடிச்சதில்லை. விமானத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு ஆரம்பத்துலயே சொன்னேன். யாரு கேட்டா? ஒரு நாள் சாயங்காலம் தங்கச்சி குமுதா வீட்டுக்கு வந்து, வச்ச தேத்தண்ணியைக்கூடத் தொடாம உட்கார்ந்தா.

"விமானத்தைச் சோதிக்கிற ஆபீசர் வருவாரு, பாப்பாரு, கையெழுத்துப் போடுவாரு. அதெல்லாம் இருக்கட்டும்ண்ணே. நீ சரின்னு சொன்னாதான் நான் உன் மாப்ளேயை ஏற விடுவேன்."

ஆக, அந்த மனுசன் உசுரு என் தலையில.

ஒவ்வொரு சனிக்கிழமையும் செராஸ் டிராஃபிக் ஜாம்ல ஒண்ணரை மணி நேரம் வெந்து, ஷெட்டுக்குப் போய்ச் சேந்தா, கையில புதுசா ஒரு லிஸ்டோட நிப்பான். இருக்கிறது ஒரு சின்ன பேட்டரி, அதைவிடச் சின்னதா ஒரு ஜெனரேட்டர். எது எவ்வளவு கரண்டு இழுக்கும்னு நான் கணக்குப் போட்டு, படம் வரைஞ்சு முடிப்பேன். உடனே சீட்டுக்கு அடியில நீல லைட்டு வேணும்பான். திரும்ப வரைவேன். சப்வூஃபர் வேணும்பான். இன்ஜின் போடுற சத்தத்துல உனக்கு சப்வூஃபர் ஒரு கேடான்னு கேட்டேன். ரிவர்ஸ் கேமராவைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு, விமானம் ரிவர்ஸ்ல போகாதுடான்னு கத்தியே விட்டேன். வால் தெரிஞ்சா பாக்க நல்லா இருக்கும்லான்னான். அஞ்சு தடவை வரைஞ்சேன். எனக்குப் பிரஷர் ஏறினதுதான் மிச்சம்.

ஒரு விஷயத்தை மட்டும் நல்லாத்தான் சொன்னான். அந்த இன்ஜினுக்கு பெட்ரோல் பம்பும், தீப்பொறி குடுக்கிற பெட்டியும் பேட்டரி கரண்ட்லதான் ஓடும். கரண்டு நின்னா இன்ஜினும் நின்னுடும். முதல் நாளே சொன்னான். நானும் படத்து ஓரத்துல சிவப்பு பேனாவால எழுதி வச்சேன்.

அப்புறம் நான் என் வேலையைக் காட்டினேன். வீட்ல எங்கயாவது கரண்டு கசிஞ்சா, மெயின் சுவிட்ச் டப்புன்னு விழுந்து வீடே இருட்டாயிடும். பொண்டாட்டி திட்டுவா, ஃபிரிஜ்ல ஐஸ் உருகும், ஆனா உசுரு இருக்கும். அதே மாதிரி ஒண்ணு, சோலார் போடுறவங்க வச்சுக்கிறது, தேடிப் பிடிச்சு வாங்கிட்டு வந்து விமானத்துல மாட்டினேன். எந்த வயர் அந்த அலுமினிய உடம்பைத் தொட்டாலும் மொத்தமும் கட். எனக்கே பெருமையா இருந்துச்சு. விஜயன் கொஞ்ச நேரம் படத்தையே பாத்தான்.

"மொத்தமுமா மச்சான்?"

விட்டேன் ஒரு டோஸ். சப்வூஃபர் கேக்கிறவன் எனக்கு வயரிங் சொல்லித் தராதேன்னேன். அதோட வாயை மூடிக்கிட்டான்.

போன சனிக்கிழமை இன்ஜினை ஓட்டிப் பாக்கிற நாள். குமுதாவும் வந்திருந்தா. சும்மா வந்தாளா? பிரிக்பீல்ட்ஸ் கடையில வாங்கின குட்டிப் பிள்ளையார், அடியில சிவப்பு விளக்கு. நம்ம ஆளுங்க கார் டேஷ்போர்டுல எல்லாம் இருக்குமே, அதேதான். அதை மாட்டணுமாம். ஒரே ஒரு வயர்கூட இனிமே ஏத்த மாட்டேன்னேன். சாமி காரியம்னு குமுதா சொன்னா. புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணு சேந்துட்டாங்க. அரைமணி நேரம் கத்திட்டு, கடுப்புல ரெண்டு ஸ்க்ரூவை முறுக்கி, பிள்ளையாரை உட்கார வச்சேன். வயரை இழுத்து விட்டேனா, ஒதுக்கி விட்டேனான்னுகூடப் பாக்கலை.

சக்கரத்துக்குக் கட்டை வச்சு, வாலைத் தூணோட கட்டிட்டு, ஷெட்டுக்கு வெளிய வச்சு ஸ்டார்ட் பண்ணினோம். அவன் பக்கத்து சீட்ல நான், மடியில மீட்டர். இன்ஜின் உறுமுச்சு. பம்பு, ரேடியோ, லைட்டு எல்லாம் நான் எழுதின கணக்குப்படி அப்படியே. தூரத்துல வேலி ஓரமா குமுதா நின்னுக்கிட்டு இருந்தா. அவ விமானத்தைப் பாக்கலை. என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருந்தா. சரின்னு தலையாட்டப் போனேன்.

டப்.

பிள்ளையார் அணைஞ்சாரு. ரேடியோ செத்துச்சு. முன்னாடி சுத்திக்கிட்டு இருந்த காத்தாடி ரெண்டு சுத்து இழுத்துட்டு நின்னுடுச்சு. நான் முறுக்கின ஸ்க்ரூவுக்கு அடியில விளக்கு வயர் நசுங்கி இருந்திருக்கு. இன்ஜின் அதிர்ந்ததுல தோல் கிழிஞ்சு, உள்ள இருந்த செம்புக் கம்பி விமானத்து உடம்பைத் தொட்டுடுச்சு.

விஜயன் என் தோள்ல தட்டினான். மூஞ்சியெல்லாம் சிரிப்பு.

"சூப்பர் மச்சான். நீங்க சொன்ன மாதிரியே கட் ஆயிடுச்சு."

கிண்டல் இல்லை. நெசமாத்தான் சொன்னான். வீட்ல மெயின் விழுந்தா ஹால்ல நின்னுக்கிட்டு டார்ச் லைட் தேடலாம். அங்க மேல எந்த ஹால்ல நிப்பான்? கரண்டு நின்னா இன்ஜின் நிக்கும்னு என் கையாலயே சிவப்புல எழுதிட்டு, அந்தக் கரண்டை நிறுத்துற சாமானை நானே தேடி வாங்கிக் குடுத்திருக்கேன். நாலு வருசம் அவனை முட்டாள் முட்டாள்னு திட்டினேனே, அந்த ஷெட்ல முட்டாள் யாரு?

கோவம் அடங்கலை. யார் மேலன்னுதான் தெரியலை. அன்னைக்கு மொத்தமுமான்னு கேட்டியே, அப்புறம் ஏன்டா என்னைத் தடுக்கலைன்னு அவன்கிட்டயே பாஞ்சேன்.

அவன் ஹெட்செட்டைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டான். "நீங்க வயர்மேன் மச்சான். உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்."

மடியில இருந்த மீட்டரை அணைச்சு சீட்ல வச்சேன். இறங்கினேன். குமுதா ஓடி வந்தா. விளக்கு கெட்டதா, அதனாலதான் நின்னுச்சா, வேற வாங்கிட்டு வரட்டுமான்னு ஒரே மூச்சுல கேட்டா.

"விளக்குல ஒண்ணும் இல்லைம்மா. நான் போட்ட வயரிங் தப்பு. அவனை ஏற விடாதே."

முப்பத்தொரு வருசத்துல யார்கிட்டயும் நான் அப்படிச் சொன்னதில்லை. அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அன்னைக்கே அந்தச் சாமானைக் கழட்டி வீசினேன். ஆறாவது படம் இப்ப மேசை மேல கிடக்கு. பம்புக்கும் தீப்பொறிப் பெட்டிக்கும் பேட்டரியில இருந்து நேரா தனித்தனி லைன். மத்ததுக்கெல்லாம் ஆளுக்கொரு ஃபியூஸ், எது கெட்டாலும் அது மட்டும் போகும். வர்ற சனிக்கிழமை இன்ஜினை ஓட விட்டு, மத்த வயரை ஒவ்வொண்ணா நானே விமானத்து உடம்புல தொட வச்சுப் பாக்கப் போறேன். முதல்ல பிள்ளையார் வயர். அவரை விஜயன் கழட்டப் போனப்போ, கையைத் தட்டி விட்டேன்.