மூத்தவர் போட்ட கோடு

வக்கீல் எழுதிக் கொடுத்த பத்திர நகலில் ‘ஷேர்’ என்ற சொல் வரிக்கு வரி வந்துகொண்டிருந்தது. படித்துப் பார்த்துத் தமிழில் சொல்லு என்று பெரியண்ணன் ராஜசிங் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இசபெல்லுக்குப் பத்திரத்தில் மனசு ஓடவில்லை. அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

அது அறுபத்தொன்றாம் வருஷம். சிவகாசியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவள் இங்கிலீஷ் டீச்சர். அம்மா எப்போதோ போய்விட்டாள். அப்பா போன வருஷம் போனார். அவர் விட்டுப்போனது ஒரே மனை. தெருவைப் பார்த்து வீடு. வீட்டுக்குப் பின்னால் அண்ணன்மார் இருவரும் சேர்ந்து நடத்தும் தீப்பெட்டி ஆபீஸ். தீப்பெட்டி செய்கிற இடத்துக்கு அந்த ஊரில் ஆபீஸ் என்றுதான் பெயர். குச்சி அடுக்கும் பெண்கள்கூடக் காலையில் தூக்குச்சட்டியோடு ‘ஆபீசுக்குப் போறேன்’ என்றுதான் கிளம்புவார்கள். ஆபீசுக்கும் பின்னால் கழிவுக் குச்சி கொட்டுகிற ஒரு துண்டு நிலம். அதன் ஓரத்தில், முன்பு பசை காய்ச்சிய அறை ஒன்று.

சின்னண்ணன் நேசகுமாருக்குப் பட்டாசு ஆபீஸ் போட ஆசை. தாயில்பட்டிப் பக்கம் இடம் பார்த்துவிட்டான். ராஜசிங்குக்குப் பட்டாசு என்றாலே ஆகாது. “தீக்குச்சி கையைச் சுடும். பட்டாசு வீட்டையே தூக்கிட்டுப் போயிரும்லே” என்பார். பேச்சு முற்றி, பிரிந்துவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குத்தான் பத்திரம்.

ராஜசிங் அடுத்த தெருவில் மாமனார் கொடுத்த வீட்டில் இருந்தார். நேசகுமார் குடும்பமும் இசபெல்லும் அப்பாவின் வீட்டில். வீடு நேசகுமாருக்குப் போனால் அதை விற்றுத்தான் தாயில்பட்டிக்குப் போவான். அப்புறம் இசபெல் எங்கே?

“என்கூட வந்துரு” என்றார் பெரியண்ணன்.

“எங்கூட வா. தாயில்பட்டியிலருந்து பஸ் இருக்கு” என்றான் சின்னண்ணன்.

இரண்டு பேரும் பாசமாகத்தான் சொன்னார்கள். இரண்டு வீட்டிலும் அவளுக்கு ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைக்கும். ஆனால் அவளுக்கு வேண்டியிருந்தது, தானே உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கதவு. அதை எப்படிக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு மணிக்குப் பெரிய அகராதியைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தாள். எதிரே கணக்கு டீச்சர் ஞானபூரணி, புளிச்சோற்றோடு.

“ஏட்டி, சாப்பிடுற நேரத்துல என்னத்த தேடுதே?”

“ஷேர்.”

“பங்கு. இதுக்கு அகராதியா?”

“பங்குன்னு தெரியும். முதல்ல என்னவா இருந்துச்சுன்னு பாக்கேன். இங்கன பாரு. ஆதியில அதுக்கு வெட்டுறதுன்னுதான் அர்த்தமாம். ஆட்டு மயிரைக் கத்தரிக்கிறதுக்கு ‘ஷியர்’னு ஒரு சொல் இருக்குல்ல, அதோட கூடப்பொறந்தது.”

“சரி.”

“கலப்பையில மண்ணைக் கீறுற கொழு இருக்கே, அதுக்கும் ஷேர்னுதான் பேரு. அதுவும் அதே வேருதான். சட்டைக்கு அவங்க சொல்ற ‘ஷர்ட்’டும் அங்கருந்துதான் வந்திருக்கும் போல. வெட்டுன துணி. குட்டைக்குச் சொல்ற ‘ஷார்ட்’டும் அதுதான்.”

ஞானபூரணி ஒரு கவளத்தை வாயருகே நிறுத்தினாள். “இங்கிலீஷ்காரன் கையில எப்பவும் கத்தரிதான் இருக்கும்போல.”

“அதுல்ல பூரணி. வெட்டுறதுன்னு ஆரம்பிச்ச சொல்லு, இப்ப நீ எனக்கு ஒரு வாய் புளிச்சோறு குடுத்தா அதுக்கும் ஷேர்ங்காங்க. ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிறதுக்கு. வெட்டுறதுலருந்து குடுக்கிறதுக்கு எப்படி வந்துச்சு? நடுவுல என்ன நடந்துச்சு? அது இந்தப் புஸ்தகத்துல இல்லை.”

“உனக்கு ஒரு வாய் வேணும்னா நேரா கேளேன். இந்தா.”

இசபெல் வாங்கிச் சாப்பிட்டாள். “நம்ம பங்குங்கிற சொல்லும் அப்படித்தான். பகுன்னா பிளக்கிறது. அதுலருந்துதான் பகையும் வந்துச்சு, பகிர்றதும் வந்துச்சுன்னு தமிழய்யா சொன்னாரு. ஒரே வயித்துல ரெண்டும்.”

“எங்க கத்தோலிக்கத்துல பங்குன்னா சாமியாரு இருக்கிற ஊரு. ஊரே கூடிக் கும்பிடும். உங்க வீட்டுலதான் பங்குன்னா சண்டை. எங்க பக்கம் வந்துரு, நிம்மதியா இருப்ப.”

“ஆமா, வாரேன். உங்க சாமியாரு எனக்கு ஒரு ரூம் போட்டுத் தருவாராக்கும்?”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஞானபூரணி சிரிக்கவில்லை. “சட்டப்படி உனக்கும் பங்கு உண்டுதானே?”

“உண்டாம். கிறிஸ்தவங்களுக்கு மகளும் மகனும் சமம்னு வக்கீல் சொல்லிட்டாரு. பெரியண்ணன் சனிக்கிழமை மனையில கோடு போடுறாக.”

“உன்கிட்ட கேட்டாகளா?”

இசபெல் அகராதியை மூடினாள். யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை ஆபீசில் லோடு ஏற்றி அனுப்பிய பிறகு மனையில் எல்லாரும் கூடினார்கள். பொதுவான மனுஷராகச் சபை உபதேசியார் தங்கச்சாமி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். குச்சி அடுக்கும் பெண்கள் ஆபீஸ் கூடத்து வாசலில் வரிசையாக எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கு முன்னால், இருக்கிறவர்களிலேயே வாய் கூடிய குருவம்மாள்.

ராஜசிங் வாளியில் சுண்ணாம்புப் பொடி எடுத்து, குனிந்து, கயிறு பிடித்து இரண்டு கோடு போட்டார். மூன்று பங்கு. ஒன்று தெருவோரத்து வீடு. ஒன்று ஆபீசும் கிணறும் குச்சி காயப்போடும் களமும். மூன்றாவது, பின்னால் கழிவுக் குச்சி கொட்டும் துண்டு. அதற்குத் தெருவிலிருந்து போக வழிகூட இல்லை.

“அது எதுக்குண்ணே?” என்றாள் இசபெல்.

“உன் பேருக்கும்மா. சட்டத்துக்கு மூணு காட்டணும்லா? நீ அங்கனயா போய் இருக்கப் போற? நாங்க ரெண்டு பேரு இல்லையா?”

நேசகுமார் வீட்டுக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவோரத்து வீடு சட்டென்று விலைபோகும். அவன் அதைத்தான் எடுப்பான் என்று ராஜசிங்குக்குத் தெரியும். ஆபீஸ் தனக்கு நிற்கும். அவருடைய உயிரே அந்த ஆபீசில்தான் இருந்தது. குச்சி முனையை மருந்தில் முக்குகிற இடத்தில் நின்றுகொண்டே சாப்பிடுகிற மனுஷர்.

“ஐயா, நம்ம வழக்கத்தைச் சொல்லுங்க” என்றார் ராஜசிங், கையைத் துடைத்துக்கொண்டே. “பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது.”

உபதேசியார் தொண்டையைச் செருமினார். “வழக்கம் தெரிஞ்சதுதானே. மூத்தவன் பங்கு வைக்கணும். இளையவன் முதல்ல எடுக்கணும். வச்சவனுக்குக் கடைசியா நிக்கிறது. எங்க அப்பாரு காலத்துலயும் அப்படித்தான், உங்க அப்பாவும் சித்தப்பாவும் பிரிஞ்சப்பவும் அப்படித்தான்.”

“சம்மதம்” என்றார் ராஜசிங். “நான் வச்சிட்டேன். இளையவன் எடுக்கட்டும். ஏலே நேசா, சொல்லு.”

நேசகுமார் வாயைத் திறந்தான்.

இசபெல்லுக்கு அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. வந்தது வேறொன்று. இந்த வழக்கம் எம்புட்டு தூரம் நிற்கும், தொட்டுப் பார்த்தால் என்ன ஆகும் என்று ஒரு துறுதுறுப்பு.

“பெரியண்ணே” என்றாள். “இளையது நாந்தானே?”

ராஜசிங் அவளைப் பார்த்தார், நேசகுமாரைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். அந்த வீட்டில் பங்கு பிரித்த தலைமுறை எதிலும் தங்கச்சிகளை எண்ணியதில்லை. எண்ண வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

“நீ... பொம்பளப் பிள்ளைல்லா?”

“பிள்ளைதானே?”

குருவம்மாள் கூடத்து வாசலிலிருந்து, “உபதேசியாரய்யா, அந்தப் பேச்சு ஆம்பளைக்கு மட்டும்னு எங்கயாச்சும் இருக்கா?” என்றாள்.

“நீ குச்சியை அடுக்கு” என்று அதட்டினார் ராஜசிங்.

“அடுக்கியாச்சு மொதலாளி. லோடே போயிருச்சு.”

உபதேசியார் தாடையைத் தடவினார். “இளையவன்னு சொல்றோம். ஆனா ராஜசிங், பங்கு மூணு வச்சிருக்க. மூணு பேருன்னு நீதான் ஒத்துக்கிட்ட. மூணு பேருல இளையது அந்தப் பிள்ளைதான். அது எடுக்கட்டும்.”

“அப்ப எடுக்கேன்” என்றாள் இசபெல். “எனக்கு ஆபீஸ்.”

கூடத்து வாசலில் ‘ஆத்தாடி’ என்று ஒரு குரல். ராஜசிங்கின் கையிலிருந்த வாளி சாய்ந்து வேட்டியெல்லாம் சுண்ணாம்பு.

“சின்னவன் சொல்லட்டும்” என்றார் உபதேசியார்.

நேசகுமாருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. “எனக்கு வீடு.”

நின்றது பின்பக்கத் துண்டு. ராஜசிங் அதைத் திரும்பிப் பார்த்தார். மக்கிய குச்சியும் பசையறையும். போக வழி இல்லை. தண்ணீருக்குக் கிணறு இல்லை. தானே போட்ட கோடு. அவர் முகம் போன போக்கை இசபெல் பார்த்தாள். ஆபீசை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்யப் போகிறாள்? மருந்து எத்தனை பங்கு, பசை எத்தனை பங்கு என்றுகூடத் தெரியாது.

“அப்ப திங்கக்கிழமையிலருந்து டீச்சரம்மாதான் எங்களுக்கு மொதலாளியா?” என்றாள் குருவம்மாள். “லேட்டா வந்தா பெஞ்சு மேல ஏத்துவீகளோ?”

“இசபெல்லு” என்றார் ராஜசிங். “அந்தத் துண்டுக்கு எப்படிம்மா நான் போறது? தெருவுலருந்து வழியே இல்லையே.”

“எனக்கும் இருந்திருக்காதுண்ணே.”

அவர் உபதேசியார் பக்கம் திரும்பினார். “ஐயா, நான் மறுபடியும் பிரிக்கட்டுமா?” என்றார்.

“வச்சா வச்சதுதான். ஆனா எடுத்தவங்க சம்மதிச்சா சரி.” உபதேசியார் இருவரையும் பார்த்தார்.

நேசகுமார் தோளைக் குலுக்கினான். “எனக்கொண்ணுமில்லை. வீட்டுல கைவைக்காம இருந்தாச் சரி.”

“சம்மதம்” என்றாள் இசபெல். “ஆனா மறுபடியும் நாந்தான் முதல்ல எடுப்பேன்.”

ராஜசிங் காலாலேயே பழைய கோட்டை அழித்தார். இந்தத் தடவை அவர் நடந்து நடந்து பார்த்தார். பின்பக்கத்துக்குப் போய் நின்று, அங்கிருந்து தெருவைப் பார்த்தார். திரும்பி வந்து, வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அகலத்துக்குப் பாதை விட்டார். நேசகுமார் முணுமுணுத்தபோது ராஜசிங், “வீடு பாதையால ஒண்ணும் குறைஞ்சிராதுலே” என்று அடக்கினார். கிணற்றருகே வெகுநேரம் நின்றார். கடைசியில் கிணற்றையும் களத்தில் ஒரு ஓரத்தையும் சேர்த்துப் பின்பக்கத்துக்குத் தள்ளினார். அப்புறம் அது கூடிப்போயிற்றோ என்று சந்தேகம். மருந்து கரைக்கத் தண்ணீர் வேண்டுமே. ஆபீசுக்கும் கிணற்றில் பாத்தியதை உண்டு என்று சத்தமாகச் சொன்னார். கழிவுக் குச்சியைத் தன் செலவில் அள்ளித் தருவதாகவும் சொன்னார்.

வெயில் இறங்கிவிட்டது. அவர் வேர்த்துப்போய் இசபெல் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்.

“ஏம்மா, உனக்கு எதுதான் வேணும்? சொல்லிரு. அதுக்குத் தக்கன போடுதேன்.”

“சொல்ல மாட்டேன்ணே.”

“ஏன்?”

“சொன்னா நீங்க சரியாப் பிரிக்க மாட்டீக.”

ராஜசிங் அவளையே பார்த்தார். கோபப்படுவாரோ என்று இருந்தது. மீசையோரம் லேசாகத் துடித்தது. “அப்பா உன்னை வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்” என்று சொல்லிவிட்டு, திரும்பிப் போய்ப் பாதையை இன்னும் ஒரு சாண் அகலமாக்கினார்.

கோடு முடிந்தது. உபதேசியார் எழுந்து நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “இப்ப எது வந்தாலும் உனக்குச் சம்மதமா ராஜசிங்?”

அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீடு. ஆபீஸ். பின்பக்கம். “ஆபீஸ் போனா மனசு வலிக்கும்” என்றார். “ஆனா குறை சொல்ல மாட்டேன்.”

“இளையது எடுக்கட்டும்.”

எல்லாரும் இசபெல்லைப் பார்த்தார்கள். அவள் ஒரு வினாடி ஆபீசைப் பார்த்தாள். ராஜசிங் மூச்சை விடாமல் நின்றதும் அவளுக்குத் தெரிந்தது.

“பின்பக்கம்” என்றாள்.

“வீடு” என்றான் நேசகுமார் அவசரமாக.

ராஜசிங் கிணற்றுச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அடியே, இதைத்தானே முதல்லயே உனக்கு வச்சேன்?” என்றார்.

“இதையா? அதுல கிணறு இல்லை, வழி இல்லை. நீங்க இப்ப உக்காந்திருக்கிறது என் கிணறுண்ணே.”

அவர் சட்டென்று எழுந்தார். அப்புறம் தான் எழுந்ததை நினைத்துத் தானே சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். உபதேசியார் ஜெபம் பண்ணக் கண்ணை மூடினார். நேசகுமார் பாதியிலேயே கண்ணைத் திறந்து வீட்டுச் சுவரை அளந்துகொண்டிருந்தான்.

ஆமென் சொன்னதும் இசபெல் புதுப் பாதை வழியாக நடந்து பின்பக்கம் போனாள். செருப்புக்கடியில் பழைய குச்சிகள் நொறுங்கின. பசையறைக்குக் கதவு கிடையாது, நிலை மட்டும் நின்றது. பின்னாலேயே குருவம்மாள் வந்துவிட்டாள்.

“டீச்சரம்மா, இங்கனயா இருக்கப் போறீக? ஒத்தையிலயா?”

“ஆமா.”

“பயமா இருக்காது?”

“தெரியலை. இருந்து பாத்தாத்தானே தெரியும். குருவம்மா, இந்தப் பக்கம் காத்து எங்கருந்து வரும்?”

குருவம்மாள் முந்தானை நுனியை விரித்துப் பிடித்துப் பார்த்தாள். “மேற்கே இருந்து. கதவை அந்தப் பக்கம் வைங்க.”

“மேற்கேன்னா பெரியண்ணன் ஆபீசு. நாள் பூரா உங்க வாயைக் கேட்டுக்கிட்டு இருக்கணுமே.”

“அதுக்குத்தான் உள்தாழ்ப்பாள் ஒண்ணு போட்டுக்கோங்க” என்றாள் குருவம்மாள்.