மாயாண்டி கட்டிய பை

“போன வருஷம் ஒரு பன்னி என் பையைக் கவ்வி, மலை உச்சியிலேருந்து உருட்டி விட்டுருச்சு மச்சான். மூணு பாறையில மோதி, அருவியில குதிச்சு, ஆத்துல நீந்தி வந்துச்சு. உள்ள ஒரு டஜன் முட்டை. ஒண்ணாவது உடைஞ்சிருக்கணுமே? ம்ஹூம்!”

சொல்லிக்கொண்டே மாயாண்டி, அரிசி நிரம்பிய மைலோ டின்னுக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புதைத்தார். விடிந்தால் சுங்கை சிப்புட் காட்டில் வேட்டை. துப்பாக்கியும் பெர்மிட்டும் கூட்டாளி பத்துமலையுடையவை. பை மட்டும் மாயாண்டியின் ராஜ்யம். மெத்தென்ற துணிகள் அடியில், கனமான டின் முதுகை ஒட்டி, மழைக்கோட்டு உச்சியில். ஈரக் காட்டில் தீ மூட்ட சைக்கிள் டியூப் துண்டுகள், அட்டைக் கடிக்குப் புகையிலை, சமைக்கக் கேஸ் டின். தாலி கட்டும்போதுகூட அவர் கை இவ்வளவு பக்தியாக இருந்ததில்லை.

மைத்துனன் சின்னையா நாற்காலியில் சாய்ந்து சிரித்தான்.

“முட்டை உடையலன்னா, பையில முட்டையே இல்லன்னு அர்த்தம்லா மாமா.”

“உடையாம வந்துச்சுன்னா?”

“ஆயுசுக்கும் உங்க பையை நான் தூக்குறேன். வேணும்னா பன்னி மாதிரி நாலு கால்ல வாரேன்.”

கருப்பம்மாள் சிரிக்கவில்லை. “ஜெலாப்பாங் ஊரு பூரா எம் புருஷன பொய்யன்னு சொல்லி வச்சிருக்க. கோப்பிக் கடையில என் காதுபடவே சிரிக்கிறானுங்க. ஒரு தடவையாவது அவரு சொன்னது நெசம்னு உன் வாயால சொல்லேன்டா.”

“நெசமா இருந்தா சொல்றேன்க்கா.”

விடிகாலையில் பத்துமலை வாசலில் ஹார்ன் அடித்தபோது பை தயாராக நின்றது. மாயாண்டிதான் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் சவப்பெட்டியை மூடப்போனவர்களை கருப்பம்மாள் தடுத்தாள். “அந்தப் பையும் அவரோட போகணும்.”

வெற்றிலை போனது, தைல பாட்டில் போனது. பை நுழையவில்லை.

“பை ஏறணும்னா அண்ணன் எறங்கணும்லா” என்று பத்துமலை மூக்கைச் சிந்தினார். “அழாதீங்கண்ணி. வண்டிக் கூரையில கட்டிருவோம். பன்னியையே கட்டுனவன் நானு!”

அந்தப் பன்னிகள் எப்படித்தான் ஊர் வந்து சேர்ந்தனவோ! சுடுகாட்டு மேட்டில் வண்டி உறுமி ஏறியதும் பை கூரையைவிட்டுப் புறப்பட்டது. தார் ரோட்டில் ஒரு குதி, தடுப்புக் கம்பியில் ஒரு முட்டு. அப்புறம் செம்பனைத் தோட்டச் சரிவில் உருண்டது, உருண்டது, பேராக் மாநிலத்தில் சரிவு தீரும்வரை உருண்டது. மேளம் நின்றது. அழுதவர்கள் அழுகையைப் பாதியில் நிறுத்தி எட்டிப் பார்த்தார்கள்.

“ஐயோ, முட்டை!” என்று அலறினார் பத்துமலை.

சின்னையாதான் இறங்கித் தூக்கி வந்தான். எரிக்கும் இடத்து ஆள் பையைப் பார்த்ததும் கையை விரித்தார். “கேஸ் டின் வெடிக்கும். அண்ணனோட சேந்து நாமளும் போகணும். வெளியவே வைங்க.”

காரியம் முடிந்து எல்லாரும் குழாயடியில் தலை நனைத்துக்கொண்டிருந்தபோது, சின்னையா கட்டடத்தின் பின்னால் தனியாக உட்கார்ந்து பையைத் திறந்தான். டியூப் துண்டு வைத்த இடத்திலேயே இருந்தது. மைலோ டின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அரிசிக்குள் விரலைவிட்டான். ஒன்று. இன்னொன்று. எல்லாவற்றையும் தடவிப் பார்த்துவிட்டு, கடைசி முட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினால் போதும். மாமாவைப் பொய்யன் என்ற முப்பது வருஷத்து வாய் தப்பித்துவிடும். சுற்றிலும் யாருமில்லை.

முட்டையை மறுபடி அரிசிக்குள் புதைத்து, மூடியை இறுக்கினான்.

வீட்டில் கருப்பம்மாள் விளக்கருகே உட்கார்ந்திருந்தாள். வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டு, முதுகில் பையோடு வந்து நின்ற தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

“அத ஏன்டா திருப்பிக் கொண்டாந்த? எறக்கி வை.”

அவன் இறக்கவில்லை. வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“மேட்டுல வண்டியிலேருந்து விழுந்துருச்சுக்கா. செம்பனைக்குள்ள உருண்டு போச்சு.”

“முட்டை?”

“ஒண்ணுகூட உடையல. மாமா சொன்னது நெசந்தான்.”

அவள் சற்று நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். பிறகு, “உக்காரு” என்றாள்.

பை சுவரில் இடித்துவிடாமல் முன்னால் நகர்ந்து, அவன் மெதுவாக உட்கார்ந்தான்.