ஒன்ராறியோ ஏரியில் ஒரு கடற்சிங்கம்

வன்கூவரில் இருந்து வந்த நாள் முதல் என் மனுசனின் தங்கை புனிதவதிக்குக் கடற்சிங்கத்தைத் தவிர வேறு கதை இல்லை. அவள் வீட்டில் இருந்து பத்து நிமிடமாம். இறங்குதுறையில் ஆறேழு கிடந்து வெயில் காயுமாம். நயாகராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"கடற்சிங்கத்தைப் பார்த்த கண்ணுக்கு உது வெறுந்தண்ணி, மச்சாள்" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இஞ்சையும் இருக்கு" என்றேன்.

"கடல் இல்லாத இடத்திலயோ?"

"இது நன்னீரில வாறது."

அத்தோடு நின்றிருக்கலாம். குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் எழுதிவிட்டேன். லண்டன்காரர் படம் கேட்டார்கள், பாரிஸ்காரர் வீடியோ கேட்டார்கள். நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் என் மானம் தொங்கியது.

வீட்டில் கடற்சிங்கத்துக்குக் கிட்டிய உருவம் ஒன்றுதான்: என் மனுசன் இராஜரட்ணம். டொக்டர் எடையைக் குறைக்கச் சொன்னதில் இருந்து கறுப்பு றப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு ஏரியில் நீந்துகிறார். மூன்று மாதமாக நான் கொடுப்பது ஓட்ஸும் புடலங்காயும்தான்.

"தலையை மட்டும் காட்டுங்கோ. ரண்டு தரம் குரைச்சால் காணும்" என்றேன்.

ஞாயிறு காலை ஸ்காபரோ ஏரிக்கரையில் நானும் புனிதவதியும் நின்றோம். தூரத்தில் கறுப்புத் தலை எழுந்து குரைத்தது. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

பிறகு கைப்பையில் இருந்து மட்டன் ரோல் ஒன்றை எடுத்து, கரைப் பாறையில் வைத்தாள்.

"வைக்காதேங்கோ. மிருகங்களுக்குச் சாப்பாடு போடக்கூடாதெண்டு அறிவிப்புப் பலகை கிடக்கு."

"பாவம், மெலிஞ்சு போச்சு" என்றபடி போனைத் தூக்கினாள்.

தலை திரும்பியது. நீந்தி வந்தது. நான் கண்ணால் வெருட்டினேன். அது ரோலைத் தவிர எதையும் பார்க்கவில்லை. பாறையில் ஒரு கை முளைத்தது. அதில் எங்கள் மகள் வாங்கிக் கொடுத்த மணிக்கூடு. ரோலைக் காணவில்லை.

அவரை வைத்தே அவர் கூடப்பிறந்தவளை ஏய்க்கப் பார்த்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வீடு வந்து சேர முன்னரே குழுவில் வீடியோ வந்துவிட்டது. கீழே எழுதியிருந்தாள்: "ஓம், ரொறன்ரோவிலயும் இருக்கு. ஆனா மச்சாள் அதுக்குச் சாப்பாடு போடுறேல்லை."

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி வைத்தேன். இரண்டாம் தரம் சோறு கேட்க, அவர் மெதுவாகக் குரைத்தார்.