நிற்காத டிராக்டர்

"பழைய இரும்புக்குப் போட்டுத் தொலைக்கா" என்று தம்பி தலைபாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல், அப்பாவின் டிராக்டரோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டினாள் அக்கா. இன்று சாவியைத் திருப்பியதும் கொட்டகை நிறையக் கரும்புகையைக் கக்கிவிட்டு என்ஜின் தடதடவென்று ஓடத் தொடங்கியது.

"ஸ்டார்ட் ஆயிருச்சுடா!" துள்ளிக் குதித்தாள்.

தம்பி காதைப் பொத்திக்கொண்டு கத்தினான்: "சரி, இப்ப நிறுத்து!"

சாவிக்கு நிற்கிற வண்டியா அது? டீசலை அடைக்கும் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். அந்தக் கம்பியோ, அக்கா மாட்ட மறந்துபோனதால், பட்டறை மேசையில் சொகுசாகக் கிடந்தது.

அக்கா ஒரு நொடி திருதிருவென விழித்தாள். பிறகு சீட்டில் தாவி ஏறினாள்.

"நிறுத்தச் சொல்லி யாருடா அழுதா? கலப்பைய மாட்டு, வயலுக்குப் போலாம்!"