கேட்டில் நம்பர் இல்லாத வீடு

எங்கள் மாவட்டமான ஹார்லோ கவுண்டிக்கு மார்க் போட ஓர் ஆள் வந்திருந்தான். பெயர் கார்லன் விக்ஸ். உலகம் என்றைக்காவது கெட்டுப்போகும், அன்றைக்கு எங்கே போய்ப் பதுங்குவது என்று காசு கொடுத்துக் கேட்கிறவர்களுக்கு இடம் பார்த்துச் சொல்வது அவன் பிழைப்பு. கிணற்றில் தண்ணீர் எப்படி, மண் எப்படி, வீடு கட்ட அனுமதி வாங்க வேண்டுமா, எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. பக்கத்து வீடு எவ்வளவு தூரமோ அவ்வளவு கூடுதல் மார்க்.

அவன் முன்பு ஒருமுறை வந்து மிசூரி மாநிலத்திலேயே எங்களுக்குத்தான் முதல் இடம் என்று புத்தகம் போட்டுவிட்டுப் போனான். அதைப் படித்துவிட்டு எங்கள் ஓசார்க் மலைக்குள் வந்து குவிந்தவர்களை நாங்கள் தகரடப்பாக்காரர்கள் என்போம். டப்பா டப்பாவாகச் சாப்பாடு சேர்ப்பார்கள். ஆடு, கோழி வளர்ப்பார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தரும் ஊர்த் தீயணைப்பு வண்டியில் வேலை செய்ய வர மாட்டார்கள்.

அதுதான் என் வயிற்றெரிச்சல். ஊதியமில்லாத அந்தத் தீயணைப்புப் படைக்கு நான்தான் தலைவி, லோர்னா ஸ்டிடம். படை என்றால் நானும் கேஸ் சிலிண்டர் போடுகிற டென்னி கிரவுச்சும், அவ்வளவுதான். மூன்றாவது ஆள் கிடைக்காவிட்டால், பனி விழுவதற்குள் வண்டியை அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்விடுவதாகத் தீயணைப்பு வாரியம் சொல்லிவிட்டது. அங்கிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் இங்கே எரிய வேண்டியது எரிந்து முடிந்திருக்கும். வண்டியை விடுவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கார்லன் எங்கள் வண்டி நிற்கிற கொட்டகையில் வந்து உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னான்.

“இந்தத் தடவையும் நீங்கதான் முதல் இடம் போலிருக்கு மேடம்.”

“அந்த மார்க்கை வெச்சு எனக்கு ஒரு ஆள் கிடைக்குமா தம்பி?”

“நான்தான் இத்தனை குடும்பத்தை அனுப்பியிருக்கேனே.”

“அனுப்பினே. கேட்டைப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்திருக்காங்க. கூப்பிட்டா நாய்தான் பதில் சொல்லுது.”

இன்னொரு கூத்தும் உண்டு. இருட்டிலும் மின்னுகிற மாதிரி ஒவ்வொரு வீட்டுக்கும் கவுண்டி ஒரு பச்சை நம்பர் பலகை தரும். அதைப் பார்த்துத்தான் வண்டி வழி கண்டுபிடிக்கும். தகரடப்பாக்காரர்கள் அதைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள், கொள்ளைக்காரனுக்கு வீடு தெரிந்துவிடுமாம். ராய்ஸ் டாக்கெட் என்ற ஒருவனோடு எனக்கு ஒரு யுத்தமே நடந்தது. அவன் வீட்டுத் தடம் சாலையைத் தொடுகிற இடத்தில் நான் பலகையை ஆணி அடிப்பேன், அவன் பிடுங்குவான். கடைசியாக நான் அடித்தது அப்படியே நின்றது. சாலையில் போகும்போதெல்லாம் அது மின்னுவதைப் பார்த்து, ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன்.

அந்த ராய்ஸ் வீட்டிலிருந்துதான் அன்றைக்கு அழைப்பு வந்தது. விறகடுப்புப் புகைபோக்கியில் பிடித்த நெருப்பு கூரைக்கு ஏறிவிட்டதென்று அவன் மனைவி ஜோவன்னா வயர்லெஸ்ஸில் கத்தினாள். டென்னி மலைக்கு அந்தப் பக்கம் சிலிண்டர் போட்டுக்கொண்டிருந்தான்.

“ஏறு,” என்றேன் கார்லனிடம்.

“நான் மார்க் போடத்தானே வந்தேன் மேடம்.”

“கை ரெண்டும் இருக்கில்ல? ஏறு.”

காட்டுச் சாலையிலிருந்து பிரிகிற, மரம் ஏற்றும் லாரித் தடங்கள் எல்லாம் ஒரே ஜாடை. நான் வழியைப் பார்க்கவில்லை, என் பலகையைத்தான் பார்த்தேன். பலகை மின்னிய தடத்தில் வண்டியை விட்டேன். தடம் குறுகி, சரிந்து, ஒரு பழைய குட்டையில் போய் முடிந்தது. வீடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மேற்கே மரங்களுக்கு மேல் புகை கறுப்பாக ஏறியது.

“இது என் புஸ்தகத்துல இருக்கு,” என்றான் கார்லன் மெதுவாக. “பலகையப் பிடுங்கினா சந்தேகம் வரும், அதனால வேற தடத்துல நட்டுடுங்கன்னு எழுதியிருக்கேன்.”

அவனைக் குட்டையில் தள்ளியிருப்பேன். நேரமில்லை.

“நிஜ வழி எங்க வெக்கச் சொல்லி எழுதினே?”

“வளைவு தாண்டி. வெட்டின மரம் ஒண்ணு குறுக்க கிடக்கும். தானா விழுந்த மாதிரி.”

தண்ணீர் நிரம்பிய வண்டியை அத்தனை தூரமும் பின்னாலேயே எடுத்தேன். அவன் எழுதியபடியே வளைவு தாண்டி மரம் கிடந்தது. சங்கிலி போட்டு இழுத்து எறிந்துவிட்டு உள்ளே போனோம்.

ராய்ஸ் பக்கெட்டில் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். பிள்ளைகளும் ஆடுகளும் வேலியோரம் நின்றிருந்தார்கள். கார்லனிடம் குழாயைக் கொடுத்தேன். தண்ணீரின் வேகத்தில் ஒருமுறை பின்பக்கம் தரையில் அடிக்க விழுந்தான், ஆனால் குழாயை விடவில்லை. வண்டித் தண்ணீர் கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது.

“தண்ணி எங்க வெச்சிருக்கே ராய்ஸ்?”

அப்போதும் அவன் வாய் திறக்க யோசித்தான். வீடு எரிகிறது, இவன் யோசிக்கிறான்.

“கோழிக்கூண்டுக்குக் கீழ,” என்றாள் ஜோவன்னா. “பெரிய தொட்டி. மூடியைத் தூக்குங்க.”

அந்தத் தொட்டி பாதி வீட்டைக் காப்பாற்றியது. மற்ற பாதியில்தான் சரக்கறை இருந்தது. டப்பாக்கள் ஒவ்வொன்றாக வெடித்தன, பீச் பழப்பாகு சுவரெல்லாம் வழிந்தது. ஜோவன்னா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“பத்து வருஷச் சாப்பாடு சேத்து வெச்சாரு லோர்னாக்கா. நம்மளக் காப்பாத்த வர்றவங்களுக்கு ஒரு வழி விட்டு வெக்கல.”

ராய்ஸ் கரி படிந்த பக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தான்.

திரும்பும்போது கார்லனின் அழகான பூட்ஸ் முழுக்கச் சேறு. “மார்க்கைக் குறைச்சிடறேன் மேடம். இனிமே யாரும் வர மாட்டாங்க,” என்றான்.

“குறைச்சா கொன்னுடுவேன். எனக்கு ஆளுங்க வேணும். பலகைச் சமாசாரத்தைப் புஸ்தகத்துல இருந்து எடு. அந்த எடத்துல, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தீயணைப்புப் பயிற்சி, வர இஷ்டமில்லாதவங்க வேற கவுண்டி பாத்துக்கட்டும்னு போடு.”

“அப்படிப் போட்டா பாதிப் பேரு வர மாட்டாங்களே.”

“மீதிப் பாதி போதும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை கொட்டகைக் கதவைத் திறந்தபோது ஜோவன்னா வெளியே நின்றிருந்தாள். “என் கால் அளவுக்கு பூட்ஸ் இருக்கா அக்கா?” என்றாள். டென்னியின் பழைய ஜோடிக்குள் காகிதம் திணித்துக் கொடுத்தேன். மூன்று பேர் ஆகிவிட்டோம். எனக்கு அழுகை வந்தது, வண்டிக்குப் பின்னால் போய் அழுதேன்.

“ராய்ஸ் எங்க?”

“கேட்டுல வேலையா இருக்காரு.”

பயிற்சி முடிந்து அவளைக் கொண்டுபோய் விட்டேன். வெட்டிய மரம் குறுக்கே இல்லை. பச்சைப் பலகை அவன் வீட்டுக் கேட்டிலேயே மின்னியது. ஆணி இல்லை, நான்கு மூலையிலும் நீளமான திருகாணி. திருப்புளி பிடிக்க வழியில்லாமல் ஒவ்வொன்றின் தலையையும் அரத்தால் ராவிக்கொண்டிருந்தான் ராய்ஸ்.

“இனிமே யாராலயும் கழட்ட முடியாதுக்கா,” என்றான். “என்னாலயும்.”