நாலாவது வாரத்துக்காரி

முதல்லயே சொல்லிடறேன், இதுல எந்த மதத்தோட பேரையும் நான் போடப் போறதில்லை. போட்டா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். கதையை விட்டுட்டு கீழ கமெண்ட்ல ஆளாளுக்கு சட்டையைப் பிடிச்சுக்குவீங்க. எங்க வகுப்புல வாரத்துக்கு ஒரு மதம்னு எட்டு வாரம் நடத்தினாங்க. அதனால முதல் வாரம், ரெண்டாவது வாரம்னே சொல்றேன். நான் ரெண்டாவது வாரம். புரிஞ்சுதா? அவ்வளவுதான்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில ரிசப்ஷன்ல உக்காந்திருக்கேன். வயசு நாப்பத்தெட்டு. இந்த வயசுல எதுக்கு படிப்புன்னு கேக்காதீங்க, நானா போகலை. ரிசப்ஷனுக்குப் புதுசா வந்த பொண்ணு ஒண்ணு, இறந்துபோன ஒருத்தரோட வீட்டாளுங்க கிட்ட வேற மதத்து முறைப்படி ஆறுதல் சொல்லி வெச்சிருச்சு. அவங்க அழுகையை நிறுத்திட்டு சண்டைக்கு வந்துட்டாங்க. உடனே, ஜனங்களோட பழகுற ஸ்டாஃப் எல்லாரும் உலக மதங்கள் வகுப்புக்குப் போகணும்னு மேனேஜ்மென்ட் ஆர்டர் போட்டுருச்சு. சனிக்கிழமை சாயங்காலம், பக்கத்து காலேஜ்ல. தப்பு பண்ண பொண்ணு அதுக்குள்ள வேலையை விட்டுப் போயிருச்சு. தண்டனை எங்களுக்கு.

வகுப்புல எங்க நாத்தனாரும் இருந்தாங்க. என் வீட்டுக்காரரோட அக்கா, நான் அண்ணின்னு கூப்பிடுவேன். அதே ஆஸ்பத்திரியில பில்லிங் கவுன்ட்டர். உடம்பு சரியாகி வீட்டுக்குக் கிளம்புறவங்களுக்குக் கூட அவங்க முன்னாடி வந்து நின்னா பிரஷர் ஏறும். அப்படி ஒரு முகராசி.

அப்புறம் எக்ஸ்ரே. அது பட்டப்பேரு. எக்ஸ்ரே ரூம்ல டெக்னீஷியன். முப்பது சொச்சம் வயசு, வாய் ஜாஸ்தி. புருஷன், ஸ்கூல் போற பொண்ணுன்னு சின்னக் குடும்பம். அவ நாலாவது வாரத்துக்காரி.

இழுத்து இழுத்துப் பாடம் நடத்துற புரொபசருக்கு நாங்க வெச்ச பேரு ஆழம் சார். ஏன்னா, வகுப்பு முடிஞ்சதும் 'இன்று என்னுள் நிகழ்ந்த மாற்றம்'னு ஒரு பக்கம் எழுதித் தரணும். முதல் வாரம் நான் உள்ளதை எழுதினேன். "நிறைய தெரிஞ்சுக்கிட்டேன். மாற்றம் ஒண்ணும் நிகழலை. நாற்காலி சின்னதா இருக்கு." சிவப்பு இங்க்ல எழுதிக் குடுத்தார், "ஆழம் போதாது." பத்துக்கு நாலு.

ரெண்டாவது வாரம் எங்க மதம். நாங்க செய்யுறதுக்கெல்லாம் உள்ள இவ்வளவு அர்த்தம் இருக்குன்னு அவர் சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. "நீங்க இதுவரைக்கும் எதுக்காக செஞ்சீங்க?"ன்னு என்னையே கேட்டார். "செய்யலைன்னா எங்கம்மா திட்டுவாங்க சார்"னேன். அதுக்கும் ஆழம் போதலை.

நாத்தனாரைப் பாக்கணுமே. வாராவாரம் ஆளே மாறினாங்க. முதல் வாரம் "என்னுள் ஒரு விளக்கு ஏற்றப்பட்டது." மூணாவது வாரம் "என் ஆணவம் பனிபோல் உருகியது." நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன், உருகின மாதிரி தெரியலை. ஃபேனை யாரோ குறைச்சதுக்கு டயட்டீஷியனோட சண்டை போட்டுக்கிட்டே அதை எழுதினாங்க. பத்துக்கு ஒன்பது!

நாலாவது வாரம், எக்ஸ்ரேவோட ஆளுங்க கும்பிடுற இடத்துக்கே எங்களை வண்டி வெச்சு கூட்டிட்டுப் போனாங்க. போனதும் அங்க இருந்தவங்க எழுந்து எங்களுக்கு இடம் குடுத்துட்டு அவங்க சுவரோரமா நின்னாங்க. வீடு தேடி வந்தவங்களை நிக்க வைக்கக் கூடாதாம், அவங்க வேதத்துல இருக்காம். நாத்தனாருக்குக் கண்ணு கலங்கிருச்சு. நிஜமாத்தான். எக்ஸ்ரே கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"இத்தனை வருஷம் அடுத்தடுத்த ரூம்ல வேலை பாத்தும் உங்களையெல்லாம் தெரிஞ்சுக்காம இருந்துட்டேனே. இனிமே நீ என் கூடப்பொறந்த தங்கச்சி."

எக்ஸ்ரே விவரமானவ. சூடு ஆறுறதுக்குள்ள கேட்டுட்டா.

"அக்கா, அந்தத் தங்கச்சிக்கு ஒரு வீடு வேணும். இப்ப இருக்கிற வீட்டை இடிக்கப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும். உங்க மாடி காலியாத்தானே இருக்கு?"

இங்க மாடியைப் பத்தி சொல்லணும். மாமனார் கட்டின வீடு. கீழ பாதி எங்களுக்கு, பாதி நாத்தனாருக்கு, மாடி ரெண்டு பேருக்கும் பொது. பேச்சுக்குத்தான் பொது. சாவி நாத்தனார் ஹேண்ட்பேக்ல.

நாத்தனார் மெதுவா கையை உருவிக்கிட்டாங்க.

"மாடி... ஒழுகுதும்மா."

"பாத்திரம் வெச்சுக்கறோம் அக்கா."

"நிறைய ஒழுகுது."

"எங்க கிட்ட நிறைய பாத்திரம் இருக்கு."

"அதில்லம்மா, சொந்தக்காரங்க வேற வரேன்னு சொல்லியிருக்காங்க."

"ஒழுகுற வீட்டுக்கா?"

நாத்தனார் வண்டியில போய் உக்காந்துட்டாங்க. அந்த வாரம் அவங்க எழுதினது, "என் இதயத்தின் கதவுகள் அகலத் திறந்தன." பத்துக்கு ஒன்பதரை.

வீட்டுக்கு வந்ததும் நான் பேச்சை எடுத்தேன்.

"அண்ணி, அவ நல்ல பொண்ணு. மாடியைக் குடுத்தா என்ன?"

"யாருக்கு, நாலாவது வாரத்துக்கா?"

"அன்னிக்கு அழுதீங்களே?"

"அழுதேன். இப்பவும் மதிக்கிறேன். எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஆனா மதிக்கிறது வேற, மாடி வேற. அவங்க பழக்கம் வேற, சமையல் வேற. மூணாவது வீட்டம்மா என்ன நினைப்பாங்க?"

"மூணாவது வீட்டம்மா உங்களோட பேசியே வருஷக்கணக்குல ஆகுது."

"பேசலைன்னா நினைக்க மாட்டாங்களா?"

என் வீட்டுக்காரரைப் பாத்தேன். டயர் கடை வெச்சிருக்கார். லாரிக்காரன் கிட்டயெல்லாம் மல்லுக்கு நிப்பார், அக்கா முன்னாடி காத்துப் போன டியூப். "அக்கா சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்"னு சொல்லிட்டு டிவி சத்தத்தை ஏத்தினார்.

எக்ஸ்ரே தினம் மத்தியானம் ரிசப்ஷனுக்கு வந்து, என் பக்கத்துல உக்காந்து வீட்டுக்காரங்களுக்கு போன் போடுவா.

"எல்லாரும் நல்லாத்தான் பேசுறாங்க அக்கா. நான் பேரு சொன்னதும் வீடு வாடகைக்குப் போயிருது."

"உங்க ஆளுங்க கிட்ட கேட்டுப் பாரேன்."

"கேட்டேனே. நாலாவது வாரத்துலயே நீங்க வேற பிரிவுன்னுட்டாங்க. அவங்க முதல் மணி நேரமாம், நாங்க ரெண்டாவது மணி நேரமாம்."

ஒரு நாள் விளம்பரம் பாத்து ஒரு நம்பருக்குப் போட்டா. ஸ்பீக்கர்ல வெச்சா, நானும் கேட்டேன். ரெண்டு ரூம் ஃபிளாட், நல்ல வெளிச்சம், தண்ணிக்குப் பிரச்சினையில்லைன்னு ஒரு குரல் இழுத்து இழுத்துப் பேசிச்சு.

"சின்னக் குடும்பம்தானே? நல்லது. தப்பா நினைக்காதீங்க, நீங்க எந்த ஆளுங்க?"

எக்ஸ்ரே என்னைப் பாத்தா. நானும் அவளைப் பாத்தேன். அந்த இழுவையை ஊர்ல வேற யார் இழுப்பாங்க?

"நாலாவது வாரம் சார்"னா.



"யா... யாரும்மா பேசுறது?"

"எக்ஸ்ரே ரூம்லேர்ந்து சார். போன வாரம் நான் ஒண்ணு கேட்டதுக்கு 'ஆழமான கேள்வி'ன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணு."

"ஓ! நல்லாயிருக்கீங்களா? எனக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. எங்க அசோசியேஷன்லதான் ஒத்துக்க மாட்டாங்க."

"அசோசியேஷன் தலைவர் யாரு சார்? நானே பேசிப் பாக்கறேன்."

லைன் கட்டாயிருச்சு. தலைவரே அவர்தான்னு அவ அப்புறம் விசாரிச்சு வந்து சொன்னா.

அன்னிக்கு ரெண்டு பேரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் அவ முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. டோக்கன் எடுத்துட்டு உக்காந்திருக்கிற பேஷன்ட் மாதிரி சுவரைப் பாத்துக்கிட்டு இருந்தா.

"ஊருக்கு வெளிய ஒரு இடம் இருக்கு அக்கா. பாப்பா ஸ்கூலுக்கு ரெண்டு பஸ் மாறணும். எனக்கு நைட் டியூட்டி வந்தா அவ அப்பா வர்ற வரைக்கும் தனியா இருப்பா. அதான்..."

உள்ள யாரோ கை உடைஞ்சு வந்திருக்காங்கன்னு கூப்பிட்டாங்க, போயிட்டா.

கடைசி வகுப்புக்கு ஆஸ்பத்திரி டைரக்டரே வர்றார்னு சொன்னாங்க. ஒவ்வொருத்தரும் மேடையேறி, இந்த வகுப்பால தன் வாழ்க்கையில நடந்த மாற்றத்தைச் சொல்லணும், ஆதாரத்தோட சொல்லணும். நல்லா சொல்றவங்களுக்கு 'நோயாளர் நல்லுறவு அதிகாரி'ன்னு புதுப் பதவி. தனி ரூம், ஏசி, சுத்துற நாற்காலி. நாத்தனார் பில்லிங் கவுன்ட்டர்ல வருஷக்கணக்கா ஸ்டூல்ல உக்காந்து முதுகு போனவங்க. சுத்துற நாற்காலின்னு கேட்டதும் தூக்கம் போச்சு. எழுதுறாங்க, கிழிக்கிறாங்க.

"ஏம்மா, உருகினதுக்கு எப்படி ஆதாரம் காட்டுறது?"

நான் கீரை ஆய்ஞ்சுக்கிட்டே சொன்னேன், "டயட்டீஷியன் அஞ்சாவது வாரத்துக்காரங்க வீட்டுல போய் சாப்பிட்டு, போட்டோ எடுத்து, பெருசா பிரிண்ட் போட்டு வெச்சிருக்காங்களாம் அண்ணி."

பொய்தான். பொய் சொல்லக் கூடாதுன்னு எல்லா வாரத்துலயும் நடத்தினாங்க. ஆனா எந்த வாரத்துலயும் எங்க நாத்தனாரைப் பத்தி நடத்தலையே.

"போட்டோவா!"

"போட்டோ என்ன பெருசு? நீங்க நினைச்சா ஒரு குடும்பத்தையே மேடையில கொண்டு வந்து நிறுத்தலாம்."

நாத்தனார் கண்ணு மெதுவா மேல போச்சு. கூரையைத் தாண்டி மாடிக்கே போயிருச்சு.

"ஒரு மாசம்னு சொல்லி வைக்கலாமா?"

"ஒரு மாசம்னா விருந்தாளி அண்ணி. டைரக்டர் கேட்டா என்ன காட்டுவீங்க? பதினோரு மாசம் அக்ரிமென்ட் போட்டாத்தான் ஆதாரம்."

"ஒழுகுதுன்னு சொல்லிட்டேனேம்மா."

"நின்னுருச்சுன்னு சொல்லுங்க."

மறுநாள் எக்ஸ்ரே கிட்ட விஷயத்தைச் சொன்னேன். மேடையில நிக்கணும்கிறதையும் மறைக்கலை.

"அப்ப நான் ஷோகேஸ் பொம்மையா அக்கா?"

"ஆமாடி."

"பொம்மைக்கு வீடு கிடைக்குதுல்ல, சரி"ன்னா. அந்த வாரமே சாமானை ஏத்தி வந்துட்டாங்க. சொன்னபடி நிறைய பாத்திரம் இருந்துச்சு.

கடைசி வகுப்புல நாத்தனார் பட்டுப்புடவையில வந்தாங்க. பேச்சு பிரமாதம்.

"ஒரு சகோதரி வாசலில் வந்து நின்றாள். நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. ஒழுகிக்கொண்டிருந்த மாடியை ஒரே நாளில் சரி செய்து சாவியைக் கையில் கொடுத்தேன்."

மழையும் பெய்யலை, ஒருத்தரும் பூசவும் இல்லை. டைரக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். ஆழம் சார் எழுந்து நின்னு, "இதுதான் ஆழம்! பாத்துக்கோங்க, இதுதான் ஆழம்!"னு கை தட்டினார். எக்ஸ்ரே குடும்பத்தை மேடைக்குக் கூப்பிட்டு, அவளையும் ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க.

"அக்காவுக்கு நன்றி. புரொபசர் சாருக்கும் நன்றி சொல்லணும். வீடு விஷயமா என்கூட போன்ல பேசினார். சார், உங்க ஃபிளாட் இன்னும் காலியாத்தானே இருக்கு? எங்க சித்தி குடும்பமும் தேடிட்டு இருக்காங்க."

டைரக்டர் சந்தோஷமா அவர் பக்கம் திரும்பினார். ஆழம் சார் தண்ணி குடிச்சார். பாட்டில் முடியிற வரைக்கும் குடிச்சார். அப்புறம், நேரமாயிருச்சு, அடுத்தவங்க வரலாம்னார்.

அடுத்தது நான். நான் எழுதினதை அப்படியே போடறேன்.

"எட்டு வாரமும் கவனிச்சுக் கேட்டேன். எட்டுலயும் வாசல்ல வந்து நிக்கிறவங்களை உள்ள கூப்பிடுன்னுதான் இருக்கு. பேரைக் கேட்டுட்டு கூப்பிடுன்னு ஒரு வாரத்துலயும் இல்லை. எல்லா மதமும் ஒண்ணுதான்னு சொல்லுவாங்க, நான் பெருசா நம்பினதில்லை. இப்ப நம்பறேன். சாவியைக் கேட்டதும் எட்டு வாரத்துக்காரங்களுக்கும் ஒரே மாதிரிதான் மாடி ஒழுகுது. என்னுள் நிகழ்ந்த மாற்றம்: பொய் சொல்லக் கத்துக்கிட்டேன். நல்ல காரியத்துக்குத்தான் சொன்னேன்."

ஒருத்தர் கை தட்டினாங்க. எக்ஸ்ரேவோட பொண்ணு. அவ எல்லாருக்கும் தட்டினா. மார்க் வந்துச்சு. பத்துக்கு நாலு. ஆழம் போதாது.

இப்ப ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சதும் நோட்டீஸ் போர்டுல ஒரு பெரிய போட்டோ இருக்கும். நடுவுல நாத்தனார், ரெண்டு பக்கமும் எக்ஸ்ரே குடும்பம். கீழ 'திறந்த மனம், திறந்த இல்லம்'னு எழுதியிருக்கும். நாத்தனார் ஏசி ரூம்ல சுத்துற நாற்காலியில சுத்திக்கிட்டு இருக்காங்க. வீட்டுக்கு யார் வந்தாலும் முதல்ல மாடிக்குக் கூட்டிட்டுப் போய், "நாங்க இதெல்லாம் பாக்கறதே இல்லை"ன்னு காட்டிட்டுத்தான் மத்த பேச்சு. பொம்மை வேலைக்கு லீவே கிடையாதான்னு எக்ஸ்ரே கேக்குறா.

போன ஞாயித்துக்கிழமை, மாடிப்படியில செருப்பு கிடக்குதுன்னு நாத்தனார் கீழேர்ந்து சத்தம் போட்டாங்க. பழைய பில்லிங் கவுன்ட்டர் குரல்.

"இது என்ன பழக்கம்? எங்க ஆளுங்க யாராவது இப்படிப் போடுவாங்களா? பதினோரு மாசம் முடியட்டும், அப்புறம் பேசிக்கறேன்!"

மாடியிலேர்ந்து எக்ஸ்ரே தலையை நீட்டினா. கோவமே இல்லை. தேன் மாதிரி குரல்.

"அக்கா... நோட்டீஸ் போர்டு."

நாத்தனார் தெருவுல யாராவது பாக்கறாங்களான்னு திரும்பிப் பாத்தாங்க. காலாலயே செருப்பை ஓரமா ஒதுக்கி வெச்சாங்க. அப்புறம், போட்டோவுல இருக்கிற அதே சிரிப்பை எடுத்து மாட்டிக்கிட்டு மேல பாத்துக் கேட்டாங்க.

"பாப்பா சாப்பிட்டாளா?"